ம் சொல்ல விட்ட இடம்

மாசி 3, திங்கள்

இந்தத் தேதியைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பார்த்து நானே எழுதினேன். ‘ங்’ மட்டும் கொஞ்சம் கோணிவிட்டது. மற்றபடி நன்றாக இருக்கிறது.

என் பெயர் நாச்சிமுத்து. பஞ்சுக் கிடங்கில் பொதி சுமந்தவன். பொதியின் மேல் எழுதியிருந்தது எதையும் படிக்காமலே முதுகு வளைந்துவிட்டது. எழுபத்து மூன்றாம் வயதில் மாலை வகுப்பில் எழுத்துக் கற்றேன். தினம் நான்கு வரி எழுதினால் மறக்காது என்று வாசுகி டீச்சர் சொல்லியிருக்கிறார்.

டீச்சர் சொல்லித் தந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது புள்ளி. ‘க’ என்று வாய் திறந்து நிற்கும் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் ‘க்’ என்று வாயை மூடிக்கொள்ளும். எழுத்தின் வாயைப் பொத்தும் விரல் அது.

நோய் முற்றியவர்களுக்கான இந்த இல்லத்துக்கு இன்று வந்தேன். இங்கே வந்தவர்கள் திரும்பிப் போவது குறைவு என்று வரும் வழியில் ஆட்டோக்காரர் சொன்னார். வாசல் சுவரில் ‘எச்சில் துப்பாதீர்’ என்று எழுதியிருந்தது. எங்கும் தடுக்காமல் ஒரே மூச்சில் படித்தேன்.

மாசி 4, செவ்வாய்

ஆண், பெண் என்று பிரிக்க இங்கே இடமில்லை. கட்டில்களுக்கு நடுவே பச்சைத் திரை. என் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் இருக்கிறார். காலையில் அவர் யாருக்கோ கதை சொன்னார்.

“ஒரு ஊர்ல ஒரு குருவி இருந்துச்சாம்.” நிறுத்தினார். “அதுக்குக் குடை வேணும்னு ஆசையாம்.” மறுபடியும் நிறுத்தினார்.

மூச்சு வாங்குகிறது போல என்று நினைத்தேன். மூன்றாம் முறை நிறுத்தியபோது என்னை அறியாமல் “ம்” என்றேன். கதை சொன்னால் ம் கொட்டாமல் எப்படி இருப்பது?

திரைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. “ஏனுங்க அப்புச்சி, அது உங்களுக்கு விட்ட எடம் இல்லீங்க. என்ற புள்ளைக்கு.”

ரெஜினா சிஸ்டர் திரையை விலக்கினார். அந்தப் பெண்ணின் பெயர் அங்கயற்கண்ணி. அங்கை என்று கூப்பிடுகிறார்கள். நாற்பது வயது இருக்காது. நோய் முதுகெலும்பில் ஏறி இரண்டு கையும் விழுந்துவிட்டன. கண்ணுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறதாம். கழுத்தில் பட்டை. மடியருகே ஒரு மடிக்கணினி. ஐந்து வயது மகள் இதழினிக்காக அதில் கதைகளைப் பதிந்து வைக்கிறார். பிள்ளை பிறகு கேட்கும்போது ம் சொல்ல வேண்டுமே, அதற்குத்தான் ஒவ்வொரு வரிக்கும் இடம் விடுகிறார்.

இட்லி பாதி சாப்பிட்டேன்.

மாசி 6, வியாழன்

இன்று எனக்குப் பெரிய நாள். நான் கணினியில் எழுதினேன்.

சிஸ்டருக்கு வேலை அதிகம். பொத்தானை அமுக்க ஆள் இல்லாமல் அங்கை காத்துக்கிடந்தார். எனக்கு எழுத்துத் தெரியும் என்றேன்.

“இங்கிலீசுங்களா?”

“சின்ன எழுத்து, பெரிய எழுத்து ரெண்டும் தெரியும் அம்மிணி. வார்த்தைதான் தெரியாது.”

“அதுவே போதும். வார்த்தை தெரிஞ்சவங்க கடகடன்னு படிச்சுட்டு, எல்லாம் சரியா இருக்குதும்பாங்க. நீங்க ஒவ்வொரு எழுத்தா எனக்குச் சொல்லோணும்.”

முதலில் எலியை, அதாவது மவுஸை, பிடிக்கச் சொன்னார். என் கை நடுங்கியது. திரையில் அம்பு ஓடிக்கொண்டே இருந்தது, ஓரிடத்தில் நிற்கவில்லை. “வேண்டாம் விடுங்க. கருப்பு ஜன்னலைத் திறந்துக்கலாம். அதுல எல்லாமே எழுத்துத்தான்” என்றார். அவர் ஒரு கல்லூரியில் கணினிகளைப் பராமரித்தவர்.

விசைப்பலகையில் பெரிய எழுத்து இருக்கிறது. அமுக்கினால் திரையில் சின்ன எழுத்து விழுகிறது. எனக்கு இது ரொம்ப வேடிக்கை. அவருடைய கடவுச்சொல்லையும் நான்தான் அடித்தேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

பிறகு அவர் சொல்லச் சொல்ல அடித்தது இது:

ls -l

அடித்ததும் அறைக்குள், அதாவது கணினியில் கதைகளைப் போட்டு வைத்திருக்கும் இடத்துக்குள், என்னென்ன இருக்கிறது என்று வரிவரியாகக் காட்டியது. வரிக்கு ஒரு கதை. குருவிக் கதையும் இருந்தது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் விளங்காத எழுத்துகள். கோடு, ஆர், டபிள்யூ, கோடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

“கரெக்ட்” என்றார். பிள்ளையாட்டம் சந்தோஷப்பட்டேன்.

மாசி 9, ஞாயிறு

அங்கையின் வீட்டுக்காரர் தண்டபாணி வந்தார். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடை வைத்திருக்கிறார். நகக்கண்ணெல்லாம் வார்னிஷ் கறை. பிள்ளையும் வந்தது. அம்மாவின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டது. விட்டால் கை விழுந்துவிடும் என்று தெரிந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நின்றது.

பிள்ளையைச் சிஸ்டரோடு தோட்டத்து முயலைப் பார்க்க அனுப்பிவிட்டு அவர் பேசினார். திரை என்பது துணிதானே, கேட்கத்தான் செய்யும்.

“போன வாரம் கம்ப்யூட்டரை வூட்டுக்கு எடுத்துட்டுப் போயி ஒரு கதையைப் போட்டு விட்டனுங்காட்டி, புள்ள என்ன பண்ணுச்சு தெரியுமா? கதவுக்குப் பின்னால போயி உன்னைத் தேடுது. பீரோவைத் தொறந்து பாக்குது. கட்டலுக்கு அடியில படுத்துட்டு வர மாட்டேங்குது. எனக்கு அதைப் பாக்க முடியல அங்கை.”

“பழகிக்குவா.”

“எப்ப? இருக்கறப்பவே இப்படித் தேடுது. நாளைக்கு நீ இல்லாத வூட்டுல உன்ற குரல் மட்டும் கேட்டா அந்தப் புள்ள எப்படி வளரும்? நான் எல்லாத்தையும் அழிச்சுப் போடுவேன். முன்னாடியே சொல்லிப் போட்டேன், அப்பறம் ஏமாத்திட்டான்னு நெனைக்காதே.”

“அழிக்காதீங்க.”

“அழிப்பேன்” என்றார். அழுதார். அவரைக் கெட்டவர் என்று என்னால் எழுத முடியவில்லை.

மாசி 10, திங்கள்

அங்கை எனக்கு அந்த எழுத்துகளைச் சொல்லித் தந்தார். r என்றால் படிக்கலாம், கேட்கலாம். w என்றால் எழுதலாம், மாற்றலாம். x என்றால் அறைக்குள் நுழையலாம். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கோடு இருந்தால் அந்த அனுமதி இல்லை என்று அர்த்தம்.

ஒரே வரியில் மூன்று பேருக்கு இப்படி எழுதியிருக்கிறது. முதலில் உடையவர், அது அங்கை. அடுத்தது வீட்டார். அந்தக் கணினியில் தண்டபாணிக்குத் தனி நுழைவு இருக்கிறது, அவர் வீட்டார் கணக்கில் வருவார். மூன்றாவது ஊரார்.

எழுபது வருஷம் என் பெயருக்கு நேரே கோடு போட்டிருந்தது. இப்போது ஆர் விழுந்திருக்கிறது என்றேன். அங்கைக்குச் சிரித்தால் வலிக்கும். சிரித்தார்.

அவருடைய யோசனை இதுதான். வீட்டாருக்கு r இருக்கட்டும், என்றைக்காவது கேட்கத் தோன்றும். w-வை எடுத்துவிட வேண்டும். “கதைக்கும் எடுக்கோணும், கதை இருக்கற அறைக்கும் எடுக்கோணும். அறைதான் முக்கியமுங்க. பெட்டியைப் பூட்டிட்டு அறையைத் தொறந்து போட்டா, பெட்டியோட தூக்கி வெளிய எறிஞ்சர்லாம்” என்றார்.

சிஸ்டர் எனக்கு இரண்டு ஊசி போட்டார். முன்பு ஒன்றுதான்.

மாசி 13, வியாழன்

இன்று பூட்டினோம். அங்கைக்குக் காலையிலிருந்தே வலி. ஒவ்வொரு எழுத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கதைகளுக்கெல்லாம் w-வை எடுத்தேன். வீட்டார் இடத்தில் கோடு விழுந்திருந்தது. வரி வரியாகப் படித்துச் சொன்னேன்.

பிறகு அறை. “அறை போன மாசமே பூட்டின ஞாபகம். இருந்தாலும் பாத்தர்லாம். இப்ப அடிக்கறதுல எல்லுக்குப் பக்கத்துல ஏயும் சேருங்க” என்றார்.

ls -la

“டி-யில தொடங்கற வரியைப் படிங்க. டின்னா அறை.”

டி-யில் தொடங்கும் வரி இரண்டு இருந்தது. அழகாக இருந்ததால் இரண்டையும் படம் வரைவது போல இங்கே வரைந்திருக்கிறேன். எண்களை விட்டுவிட்டேன்.

drwxrwxr-x .
drwxr-xr-x ..

முதல் வரியின் கடைசியில் பெயரே இல்லை. ஒரு புள்ளி மட்டும். வரி முடிந்தால் முற்றுப்புள்ளி வைக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். பெயரில்லாத வரியைப் படித்து, வலியில் இருப்பவரை ஏன் சிரமப்படுத்த வேண்டும்? இரண்டு புள்ளி யாருடைய பெயராவது இருக்கும் என்று இரண்டாவதைப் படித்தேன். டி, ஆர், டபிள்யூ, எக்ஸ், ஆர், கோடு, எக்ஸ், ஆர், கோடு, எக்ஸ்.

“நடுவுல ஆருக்கும் எக்ஸுக்கும் மத்தியில கோடுதானுங்களே? நல்லாப் பாத்துட்டீங்களா?”

“கோடுதான் அம்மிணி.”

“அப்ப பூட்டித்தான் இருக்குது” என்றார். வந்த நாளிலிருந்து அவர் முகம் இப்படித் தளர்ந்து நான் பார்த்ததில்லை. சிஸ்டர் ஊசி போடும் முன்பே தூங்கிவிட்டார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. கஞ்சியை முழுவதும் குடித்தேன். தங்கவில்லை.

மாசி 14, வெள்ளி

சர்க்கரை டப்பாவில் ‘உப்பு’ என்று எழுதி ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்துச் சிஸ்டரிடம் சொன்னேன். இத்தனை நாள் யாரும் பார்க்கவில்லையாம்.

மாசி 17, திங்கள்

அங்கையின் குரல் தேய்ந்துவிட்டது. ஆனாலும் இன்னும் ஒரு கதை பாக்கி இருக்கிறது என்றார்.

“எடம் விட்டு நிக்கறதுக்கு எனக்கு மூச்சு இல்லீங்க அப்புச்சி. நின்னா அப்படியே நின்னுரும்போல இருக்குது. நீங்க ம் போடுங்க. அதைப் புடிச்சுட்டே அடுத்த வரிக்குப் போயர்றேன்.”

“புள்ளைக்கு விட்ட எடமாச்சே?”

“இந்த ஒண்ணுல மட்டும் உங்களுக்கு.”

பதிவைத் தொடங்கினேன். முடிந்ததும் கணினி பெயர் கேட்கும், எம் என்று மட்டும் அடித்தால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ம் கொட்டிய கதை அல்லவா.

“ஒரு ஆமை பொள்ளாச்சி போறதுக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துச்சாம்.”

“ம்.”

“பஸ்ஸு கெளம்பறதுக்குள்ள அது படியேறோணுமே. அதனால மொத நாளே வந்துருச்சாம்.”

“ம்.”

நன்றாக இருந்தது கதை. ஆமை ஒருவழியாக ஏறிவிடுகிறது. சீட்டுக்கு அடியில் உட்கார்ந்துகொள்கிறது. கண்டக்டர் குனிந்து கேட்கிறார்.

“எங்க எறங்கோணும்னு கேட்டாராம். ஆமை சொல்லுச்சாம்...”

“ம்” என்றேன். அவர் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் “ம்” என்றேன். தூங்கிவிட்டிருந்தார்.

பதிவை நிறுத்தினேன். பெயர் கேட்டது. எம் அடிக்கப் போனேன். புள்ளி வைக்காவிட்டால் அது ‘ம’ ஆகிவிடுமே என்று தோன்றியது. தலையில் புள்ளி வைக்கப் பலகையில் வழியில்லை. அதனால் முதலில் புள்ளி, பிறகு எம்.

மாலையில் விழித்ததும் ls -l அடிக்கச் சொன்னார். பழைய கதைகள் எல்லாம் இருந்தன. ஆமையைக் காணவில்லை. இரண்டு முறை பார்த்தேன்.

“தப்பா எதையோ அமுக்கியிருப்பீங்க. போகட்டும். நாளைக்கு மொதல்ல இருந்து சொல்றேன்” என்றார்.

மாசி 18, செவ்வாய்

அங்கை கதை சொல்லவில்லை. கண் திறந்திருந்தபோது, பேச்சுக்கொடுத்தால் தேவலை என்று தோன்றியது. அன்றைக்குக் கடைசியில் இரண்டு புள்ளி இருந்ததே, அது யார் பெயர் என்று கேட்டேன்.

“அது வெளி அறைங்க. நம்ம அறை எதுக்குள்ள இருக்குதோ அது.”

“ஒரு புள்ளி?”

“அதுதான் நாம இருக்கற எடம்.”

பிறகு ஊசி போட்டார்கள். தூங்குகிறார்.

மாசி 13-ல் நான் வரைந்ததை எடுத்துப் பார்த்தேன். முதல் வரி. நடுவில் கோடு இல்லை, w இருக்கிறது. பலமுறை பார்த்தேன். எழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

அவர் எழுந்ததும் ஒன்று சொல்ல வேண்டும்.

மாசி 19, புதன்

எழவில்லை.

மடிக்கணினி அவர் கட்டிலுக்கு அந்தப் பக்கம் அலமாரியில் இருக்கிறது. எடுத்துத் தாருங்கள், ஒரே ஒரு வரி அடிக்க வேண்டும் என்று சிஸ்டரிடம் கேட்டேன்.

“அவங்க வீட்டுக்காரர் வரட்டும் தாத்தா. அடுத்தவங்க பொருள்.”

“அவங்களுக்காகத்தான் சிஸ்டர்.”

“படுங்க. முகமெல்லாம் மஞ்சளா இருக்கு உங்களுக்கு.”

அவர் போனதும் நானே இறங்கினேன். திரை வரைக்கும் போனேன். பிறகு தரையில் கிடந்தேன். இப்போது என் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பி போட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கக் கம்பியில் ‘கோவை’ என்று பொறித்திருக்கிறது.

மாசி 20, வியாழன்

காலையில் அங்கை போய்விட்டார்.

தண்டபாணி வந்து துணிப்பையை எடுத்தார், செருப்பை எடுத்தார், மடிக்கணினியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, “சாமி, அழிச்சுப் போடாதீங்க” என்றேன்.

“எப்படிங்க அழிக்கறது? பூட்டிட்டேன்னு போன்ல சிரிச்சுட்டுச் சொன்னாளே. யாரோ அப்புச்சி உதவினாருன்னு சொன்னா. நீங்கதானா?”

நான்தான் என்றேன்.

“நல்லா இருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாசி 24, திங்கள்

அந்தக் கட்டிலுக்கு வேறு ஒருவர் வந்துவிட்டார். அவர் பேசுவதில்லை. இன்று எழுத எதுவும் இல்லை.

மாசி 29, சனி

டீச்சர் வந்து என் எழுத்தைப் பார்த்தார். முன்னைவிட நன்றாக இருக்கிறது, கொஞ்சம் மேலே ஏறுகிறது என்றார். படுத்துக்கொண்டு எழுதினால் அப்படித்தான். முற்றுப்புள்ளி எல்லா இடத்திலும் சரியாக வைத்திருக்கிறேன் என்று பாராட்டினார்.

பங்குனி 2, செவ்வாய்

கை வலிக்கிறது. விட்டுவிட்டு எழுதுகிறேன். ஆனால் இன்றே எழுதிவிட வேண்டும்.

கருமாதி முடிந்த மறுநாள் என்று தண்டபாணி இல்லத்தில் எல்லோருக்கும் சாப்பாடு கொண்டுவந்தார். வடை, பாயசம். எனக்குப் பாயசத்தை நாக்கில் தொட்டு வைத்தார்கள். பிறகு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தார். கக்கத்தில் மடிக்கணினி.

“அவ பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியும்னு சிஸ்டர் சொன்னாங்க.”

ஏன் என்று கேட்டேன். நகக்கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“வூட்டுக்குப் போன அன்னிக்கே அழிக்க உக்காந்தனுங்க. பூட்டியிருக்கும், முடியாதுன்னு வரும், சரி நம்ம மேல தப்பில்லைன்னு விட்டர்லாம்னுதான் அமுக்கினேன். ஒவ்வொண்ணாப் போயிருச்சு. அறையையே எடுக்கப் பாத்தேன், அது மட்டும் முடியல. குப்பைத் தொட்டியும் காலி பண்ணிட்டேன்.” நிறுத்தினார். “புள்ள இப்பத் தேடறதில்லைங்க. பேசறதும் இல்லை. அவ பேருல நுழைஞ்சா ஏதாச்சும் மிச்சம் இருக்குமான்னு...”

கம்பியை இறக்கச் சொன்னேன். மடியில் வைத்தார்கள். கடவுச்சொல்லை அடித்தேன். ls -l அடித்தேன். வெறுமை. ஒரு கதைகூட இல்லை. அங்கை நினைத்தது போல இந்த அறை பூட்டியிருக்கவில்லை, பூட்டியிருந்தது வெளி அறை, படிக்க வேண்டிய வரியை நான் படிக்கவில்லை என்று சொன்னேன். பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு விளங்கியதா, தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

பூட்டாவது போடுவோம் என்றுதான் ls -la அடித்தேன். வெற்று அறைக்குப் பூட்டு.

ஒற்றைப் புள்ளி வரி இருந்தது. இரட்டைப் புள்ளி வரி இருந்தது. அவற்றுக்குக் கீழே இன்னும் ஒன்று.

.m

நான் வைத்த பெயர். புள்ளி வைத்தால் எழுத்து வாயைப் பொத்திக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். கணினிக்கும் அது தெரிந்திருக்கிறது. புள்ளியில் தொடங்கியதை அது யார் கண்ணிலும் காட்டாமல் வைத்திருந்திருக்கிறது. அங்கையிடமிருந்தும், என்னிடமிருந்தும், தண்டபாணியிடமிருந்தும்.

முதலில் அறையைப் பூட்டினேன். அங்கை அன்று கதைகளுக்குச் சொல்லித் தந்த அதே கட்டளை, கடைசியில் ஒரு புள்ளி. பிறகு ஒற்றைப் புள்ளி வரியை உரக்கப் படித்தேன். நடுவில், ஆருக்கும் எக்ஸுக்கும் மத்தியில், கோடு. இரண்டாம் முறையும் படித்தேன். கேட்க வேண்டியவர் இல்லை.

பிறகு கதையை ஓடவிட்டோம்.

“ஒரு ஆமை பொள்ளாச்சி போறதுக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துச்சாம்.”

பிள்ளை வாயைத் திறப்பதற்குள் கணினிக்குள் இருந்து நான் “ம்” என்றேன். பிள்ளை திடுக்கிட்டு என் வாயைப் பார்த்தது. அடுத்த வரிக்கும் அப்படியே ஆனது.

“நீங்க சும்மா இருங்க” என்றது. இத்தனை நாளில் முதல் பேச்சு என்று தண்டபாணி பிறகு சொன்னார். “நாஞ்சொல்லோணும்.”

நான் உதட்டை மூடிக் காட்டினேன். உள்ளே இருப்பவன் கேட்கவில்லை, ஒவ்வொரு இடத்திலும் முந்திக்கொண்டான். பிள்ளை தன் ம்-மையும் கூடவே சொன்னது. தண்டபாணி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“எங்க எறங்கோணும்னு கேட்டாராம். ஆமை சொல்லுச்சாம்...”

கணினிக்குள் நான் ம் என்றேன். பிள்ளையும் ம் என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் நான் ம் என்றேன். பிள்ளையும். பிறகு என் குரலும் நின்றுவிட்டது. பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்து, தனியாக ஒரு முறை சொன்னது.

“ம்?”

ஆமை என்ன சொன்னது என்று யாருக்கும் தெரியவில்லை.